பழைய டீசலும் பின்பக்கச் சுவரும்

– இல்ல தம்பி, ரிப்பேர் பண்ணாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. நல்லாப் பண்ணுங்க. பண்ணினது வெளிய தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

– அக்கா, தப்பா நினைக்காதீங்க. இருபத்திரெண்டு வருஷமா இந்த ஷெட்டை நடத்துறேன். வேலையே பார்க்காம பார்த்த மாதிரி காட்டச் சொன்னவங்க உண்டு. வேலையப் பார்த்துட்டு பார்க்காத மாதிரி காட்டுன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்.

– நான் யாரு வீட்டம்மான்னு தெரியும்ல?

– தெரியாம என்ன? எடை அளவு இன்ஸ்பெக்டர் சார் வீட்டம்மா. சார் மார்க்கெட்டுக்குள்ள கால வெச்சா தராசு முள்ளு தானா நடுவுல வந்து நின்னு கும்பிடுமாமே?

– வீட்லயும் அதே கதைதான். காபித் தூள் பாக்கெட்ட நிறுத்துப் பார்க்காம டப்பாவுல கொட்ட விடமாட்டார். போன மாசம் மூணு கிராம் கூட இருந்துச்சு. கடைக்காரனைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்துட்டார்.

– மூணு கிராம் தூளையா?

– பொட்டலம் கட்டி.

– அப்பேர்ப்பட்ட மனுஷன்கிட்ட என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க. என் பொழப்புல மண்ணு விழறதுக்கா?

– பொய் எங்க தம்பி சொல்லச் சொன்னேன்? இஞ்சினைப் பாருங்க, கிளட்சைப் பாருங்க, எல்லாத்தையும் சரி பண்ணுங்க. அந்தச் சத்தத்த மட்டும் விட்டுடுங்க.

– எந்தச் சத்தத்த?

– என்ன, பத்துச் சத்தமா வருது?

– எண்ணிச் சொல்லவா? இஞ்சின் உக்காந்திருக்கிற மவுண்டிங் ரப்பர் மூணும் செத்துப் போச்சு, அது தடதடன்னு ஆடுது. இஞ்செக்டர் டக்கு டக்குன்னு தட்டுது. ஃபேன் பெல்ட் கீச்சுன்னு கத்துது. சைலன்சர்ல என் கட்டை விரல் போற அளவுக்கு ஓட்டை, அது படபடன்னு வெடிக்குது. நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடின டீசல் கார்க்கா இது. இது வண்டியே இல்ல, பேண்டு வாத்தியக் கோஷ்டி.

– அத்தனை வாத்தியமும் வேணும்.

– வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஆடவா?

– விளையாடாதீங்க தம்பி. சத்தம் போச்சுன்னா எனக்குத் தங்கச்சி போச்சு.

– இது எந்த ஊர் கணக்கு? எனக்கு ஒண்ணும் புரியல.

– மொதல்ல உக்கார ஒரு இடம் காட்டுங்க. நின்னுக்கிட்டே சொல்ற கதை இல்ல.

– அந்த டயர் மேல உக்காருங்க. அது இல்லக்கா, பக்கத்துல இருக்கறது. நீங்க உக்காரப் போனதுல கிரீஸ்.

– கேளுங்க. ஏழு வருஷம் முன்னாடி என் தங்கச்சி புருஷன் ஆணிக் கடை தெறந்தான். ஆணி, போல்டு, கட்டுக் கம்பி, எல்லாம் கிலோ கணக்குல விக்கிறது. தெறப்பு விழாவுக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். வந்தவங்க எல்லாம் கை குலுக்கிட்டு இருக்காங்க. இவரு நேரா தராசுகிட்டப் போனார்.

– ஐயையோ.

– பேன்ட் பையில இருந்து ஒரு எடைக்கல்லை எடுத்தார். விசேஷத்துக்குப் போறவன் பையில கைக்குட்டை இருக்கும், சீப்பு இருக்கும். இவரு பையில ஒரு கிலோ கல்லு. பேன்ட் ஒரு பக்கமா இறங்குதேன்னு நான் பாதி வழியிலேயே கேட்டேன், இழுத்து விட்டுக்கிட்டார். நிறுத்துப் பார்த்தா, கிலோவுக்கு நாப்பது கிராம் குறையுது.

– சகலைன்னு கண்ண மூடிக்கிட்டிருக்கலாம்.

– கண்ண மூடினா அவரு எங்க வீட்டுக்காரரே இல்ல. ரிப்பன் வெட்டின கத்தரிக்கோல் இன்னும் தட்டுல கிடக்குது. கேஸ் எழுதி, தராசுக்கு சீல் வெச்சு, அதே கையால ஒரு இனிப்ப எடுத்து வாயில போட்டுக்கிட்டு, ‘தொழில் நல்லா நடக்கட்டும்’னு வாழ்த்திட்டு வந்தார்.

– சகலை சும்மா விட்டாரா?

– எப்படி விடுவான்? ‘இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி இனி என் கடையத் தாண்டி உள்ள வரக் கூடாது’ன்னுட்டான். கடைக்குப் பின்னாடிதான் அவங்க வீடு. இவரு மட்டும் இளைச்சவரா? ‘உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது’ன்னுட்டார். நெருப்ப வெச்சது அவங்க ரெண்டு பேரு. வெந்தது நாங்க ரெண்டு பேரு.

– அப்புறம் நிதானமா சார்கிட்ட பேசிப் பார்த்திருக்கலாமேக்கா.

– குத்தின முத்திரைய அவரே அழிக்க மாட்டார் தம்பி. அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை விழுந்தா, அது கல்லு.

– பாவம்தான். தங்கச்சியப் பார்த்து ஏழு வருஷம் ஆச்சா அப்ப?

– நாலு நாள் ஆச்சு.

– என்னது?

– வாசப்படியத்தானே மிதிக்கக் கூடாதுன்னார்? அவ எங்க மிதிக்கிறா? பின்பக்கச் சுவர் ஏறி வருவா. தினம் தினம்.

– தங்கச்சிக்கு என்ன வயசு?

– நாப்பத்தொம்பது.

– சுவர் ஏறியா?

– துணி துவைக்கிற கல்லு மேல ஒரு கால், சுவத்து மேல ஒரு கால். ஏழு வருஷப் பழக்கம். எங்க வீட்டுக்காரருக்கு நேரம் காலமே கிடையாது. பதினோரு மணிக்கும் வந்து நிப்பார், மூணு மணிக்கும் வந்து நிப்பார். ஆனா உங்க பேண்டு வாத்தியம் தெருமுனைக்கு வந்ததுமே எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடும். அவ எந்திரிச்சிடுவா. கல்லு, சுவரு, அந்தப் பக்கம். இவரு வண்டிய நிறுத்திப் பூட்டிட்டு உள்ள வர்றதுக்குள்ள ரெண்டாவது டம்ளரைக் கழுவிக் கவுத்துடுவேன்.

– கடத்தல்காரன் கூட இவ்வளவு சுத்தமா தொழில் பண்ண மாட்டான்க்கா.

– சிரிங்க, சிரிங்க. ஏழு வருஷமா என் தங்கச்சி என் வீட்ல ஒரு காபியக் கூட முழுசா குடிச்சதில்ல தம்பி. எப்பவும் பாதி டம்ளர்ல எந்திரிச்சு ஓடுவா.

– போன்ல பேசிக்கலாமே?

– போன்ல தலை வாரி விட முடியுமா? அவ வந்தா பெருசா ஒண்ணும் பேச மாட்டா. என் கட்டில்ல கால நீட்டிப் படுத்துக்கிட்டு அரை மணி நேரம் மாமியாரைத் திட்டுவா. திட்டி முடிச்சதும் முகம் கழுவின மாதிரி ஆயிடும். அதப் போன்ல எப்படித் திட்டுறது? மாமியார் பக்கத்துலயே உக்காந்திருக்காளே. எனக்கும் அவள விட்டா யாரு இருக்கா? இவருகிட்ட ஒரு கஷ்டத்தச் சொன்னா, ‘எத்தனை கஷ்டம், சரியாச் சொல்லு’ன்னு கேப்பார்.

– இப்ப வண்டி இங்க நிக்குது. அப்ப வீட்ல?

– அதச் சொல்லுங்க. நாலு நாளா மனுஷன் நடந்து வர்றார், பூனை மாதிரி. நேத்து சமையக்கட்டுல திரும்பிப் பார்த்தா பின்னாடி நிக்கிறார். கரண்டிய விட்டுட்டேன். நல்ல வேளை, அவள வராதேன்னு சொல்லி வெச்சிருந்தேன். நாலு நாளா வீடு வீடாவே இல்ல தம்பி. கட்டில் வெறிச்சுன்னு கிடக்குது.

– அக்கா, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் உண்மையச் சொல்லிடறேன். இந்த வண்டிக்கு இதுக்கு மேல செலவு பண்றது ஆத்துல போடற மாதிரி. ஹெட் கேஸ்கட் போச்சு. ஆயில் மூடியத் தெறந்தா உள்ள பால் ஊத்தின காபி மாதிரி இருக்கு. ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. ஒண்ணைப் பிரிச்சா இன்னொரு பூதம் கிளம்பும். பேப்பர்ல எல்லாத்தையும் எழுதி, கடைசியில ‘வித்துட்டுப் புதுசு வாங்குங்க’ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

– புதுசா? அது எப்படிச் சத்தம் போடும்?

– புதுசு எதுக்குக்கா சத்தம் போடுது? பேட்டரி வண்டின்னா மூச்சு விடற சத்தம் கூட வராது. முதுகுப் பக்கம் வந்து ஹாரன் அடிச்சாத்தான் தெரியும்.

– நாசமாப் போச்சு! வித்தாலும் போச்சு, சரி பண்ணினாலும் போச்சு. தம்பி, அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. உள்ள இருக்கற எல்லாத்தையும் புதுசாக்குங்க, இன்னும் பத்து வருஷம் ஓடணும். ஓட்டை, ரப்பர், பெல்ட், இது மூணு மேலயும் கை வைக்காதீங்க. அவரு கேட்டா, ‘இந்த மாடலுக்கு அப்படித்தான் சார், பிறவிக் குணம்’னு சொல்லிடுங்க.

– நம்புவாரா?

– என்னையே இருபத்தாறு வருஷமா நம்பிட்டு இருக்கார்.

– அக்கா, பதறாதீங்க. அந்தப் பக்கம் திரும்பாதீங்க. மெதுவா எந்திரிங்க. சார் வர்றார்.

– போங்க தம்பி. சத்தமே கேக்கலையே?

– வண்டி இங்க நிக்குதுக்கா!

– ஐயோ! வெளிய போக வேற வழி இருக்கா?

– இந்த ஒரு கேட்டுதான். வண்டிக்குள்ள ஏறுங்க, பின்சீட்டுல. படுத்துக்கிட்டு அந்தச் சாக்க இழுத்து மேல போட்டுக்குங்க.

– சாக்கா இது? நாத்தம் குடலைப் புடுங்குது.

– தங்கச்சி தினம் சுவர் ஏறுவா, நீங்க ஒரு நாள் சாக்குக்குள்ள இருக்க மாட்டீங்களா? படுங்கக்கா! கால மடக்குங்க, கதவச் சாத்தணும். வாங்க சார், வாங்க வாங்க! என்ன இவ்வளவு தூரம், வெயில்ல நடந்து?

– யார்கிட்டப்பா பேசிட்டு இருந்த?

– வண்டிகிட்ட சார். ரொம்ப நாள் பழக்கம். அனுப்பி வைக்கறப்ப நாலு நல்ல வார்த்தை சொல்லலாம்னு.

– அனுப்பி வைக்கறதா? அப்ப ஆகாதுன்னு முடிவே பண்ணிட்டியா?

– அப்படி இல்ல சார், தோராயமா பார்த்தா...

– தோராயமாங்கற வார்த்தை என் காதுல விழக் கூடாது. நிறுத்துச் சொல்லு. என்னென்ன போச்சு?

– ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கு.

– கொஞ்சம்னா?

– நூல் அளவு சார்.

– எந்த நூலு? தைக்கிற நூலா, பட்டம் விடற நூலா? மில்லிமீட்டர்ல சொல்லு.

– பூஜ்யம் புள்ளி ஒண்ணு எட்டு. லேத்துல குடுத்து இழைச்சு வாங்கினா சரியாயிடும்.

– இது பேச்சு. அப்புறம்?

– இஞ்செக்டர் நாலும் கழட்டிச் சுத்தம் பண்ணணும். கிளட்ச் பிளேட் தேஞ்சு வழுக்குது, மாத்தணும். மவுண்டிங் வேண்டாம் சார், அது நல்லா இருக்கு.

– உன் பின்னாடி மேசையில ஒரு பேப்பர் கிடக்கு. உன் கையெழுத்து. ‘மவுண்டிங் மூணும் செத்துப் போச்சு’ன்னு எழுதியிருக்கு.

– அது காலையில சார்.

– மத்தியானம் உயிர் வந்துடுச்சா?

– ரப்பர்தானே சார். கொஞ்சம் ஓய்வு குடுத்தா எந்திரிச்சுடும்.

– சரி. சைலன்சர்ல ஓட்டை?

– இந்த மாடலுக்கு அப்படித்தான் சார். பிறவிக் குணம்.

– ஓட்டையோடவே பொறந்துச்சா?

– சில மனுஷங்க இல்லையா சார், வாயே அப்படி.

– ஏம்பா, வண்டிக்குள்ள என்ன? யாரோ தும்மின மாதிரி இருந்துச்சு.

– எலி சார்.

– எலி தும்முமா?

– டீசல் வாடை அதுக்கு ஒத்துக்கல. நாலு நாளா சளி.

– உன் ஷெட்டுல எலி தும்முது, ரப்பர் உயிர் பிழைக்குது. நல்ல இடம். சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இதக் குடுத்துட்டு புதுசு ஒண்ணு வாங்கினா?

– மனசாட்சிப்படி அதான் சார் சரி. நல்ல பேட்டரி வண்டியா வாங்கிடுங்க. புகை இல்ல, நாத்தம் இல்ல...

– எவ்வளவு சத்தம் போடும்?

– சத்தமா? சத்தமே வராது சார்.

– அப்ப வேண்டாம்.

– என்ன சார் சொன்னீங்க?

– வேண்டாம்னேன். இதையே செய். ஹெட்டை இழைச்சு வாங்கு, கிளட்சை மாத்து. பத்து வருஷம் ஓடணும்.

– இன்னைக்கு எல்லாரும் ஒரே மாதிரிப் பேசறீங்க சார்.

– எல்லாரும்னா யாரு?

– நீங்களும் எலியும்.

– வெயில் உனக்கும் ஏறிடுச்சு போல. சரி, இப்ப அது போடற சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?

– ரெண்டு தெரு கேக்கும் சார், தோ... கேக்கும்.

– கேக்காது. இருநூத்திப் பத்து மீட்டர். காத்து எதிர்ல அடிச்சா நூத்தி எண்பது. டேப் வெச்சு அளந்திருக்கேன். எனக்கு நானூறு வேணும்.

– நானூறு என்ன சார்?

– மீட்டர். நானூறு மீட்டர் தள்ளி வர்றப்பவே வீட்டுக்குக் கேக்கணும்.

– சார், தப்பா நினைக்காதீங்க. இந்த ஷெட்டுக்கு வர்றவங்க எல்லாம் சத்தத்தக் குறைக்கச் சொல்லித்தான் கேப்பாங்க.

– நான் கூட்டச் சொல்றேன். முடியுமா, முடியாதா?

– ஏன் முடியாது? சைலன்சரைக் கழட்டிக் கடாசிட்டா பக்கத்து ஊருக்கே கேக்கும். ஆனா அது சட்டப்படி தப்பு சார். புடிச்சா அபராதம்.

– கட்டிக்கறேன்.

– ரெண்டாவது தடவை புடிச்சா அதுக்கும் அபராதம்.

– அதையும் கட்டிக்கறேன்.

– நீங்களா சார் இப்படிப் பேசறது? நாப்பது கிராமுக்குச் சொந்தச் சகலை மேல கேஸ் எழுதின மனுஷன்!

– அது உனக்கு யாரு சொன்னா?

– எலி... இல்ல சார், ஊரே பேசுது.

– பேசட்டும். அன்னைக்கு எழுதினது சரி. இன்னைக்கு அப்படித் தராசு வெச்சாலும் எழுதுவேன். இது வேற விஷயம்.

– என்ன வேற? காரணத்தச் சொன்னாத்தான் சார் ஸ்பேனரத் தொடுவேன். இன்னொண்ணும் எனக்குப் பிடிபடல. இந்த வண்டி ஓடிக் கெடல. இத்தனை லட்சம் ஓடியும் இஞ்சின் உள்ள திடமாத்தான் இருக்கு. இது நின்ன இடத்துல வெந்திருக்கு. யாரோ வண்டிய ஓரமா நிறுத்தி, அசையாம உக்காந்து, ஆக்சிலேட்டரை ஏறி மிதிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. அந்தச் சூட்டுலதான் கேஸ்கட் போச்சு. சாவியத் திருடி யாராவது சின்னப் பசங்க விளையாடினாங்களா?

– இல்ல. நான்தான்.

– நீங்களா? எதுக்கு சார்?

– ஒரு பொம்பளைக்காக.

– சார்! இங்க வேண்டாம் சார். வெளிய போய் நின்னு பேசலாம், வாங்க.

– ஏம்பா, இங்க யாரு இருக்கா?

– எலி இருக்கு சார்.

– எலிக்கு என்னத்தத் தெரியும்?

– நிறையத் தெரியும் சார். பாருங்க, சாக்கு ஆடுது.

– ஆடிட்டுப் போகட்டும். ஏழு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உள்ளயே வெச்சு வெச்சு எனக்கும் பாரமா இருக்கு.

– இன்னும் ஒரு ஏழு வருஷம் தாங்குங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன். அந்தச் சாக்கு எந்திரிக்கறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் கேட்டத் தாண்டிடலாம்.

– நீ மொதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டுக் கேளுப்பா. தெருமுனையில நின்னா எங்க வீட்டுப் பின்பக்கச் சுவர் நல்லாத் தெரியும். போன வாரம் என் கொழுந்தியா அது மேல ஏறினவ, முட்டி பிடிச்சுக்கிட்டு, இந்தப் பக்கமும் இறங்க முடியாம அந்தப் பக்கமும் இறங்க முடியாம பதினோரு நிமிஷம் சுவத்து மேலயே உக்காந்திருந்தா. அவ பத்திரமா இறங்கற வரைக்கும் நான் இன்னும் வந்துக்கிட்டே இருக்கணும்ல?